லீ மார்வின் இவோ ஜிமாவில் போரிடவில்லை

ஹாலிவுட் நடிகர் லீ மார்வின், இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் இவோ ஜிமா தீவில் நடந்த சண்டையில் தனக்கு நேவி கிராஸ் என்ற வீரப் பதக்கம் கிடைத்ததாகவும், தன்னைவிடப் பெரிய வீரர் பாப் கீஷன்தான் என்றும் டிவி தொகுப்பாளர் ஜானி கார்சனிடம் அவர் நிகழ்ச்சியில் சொன்னாராம். கீஷன் 'கேப்டன் கங்காரு' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியை நடத்தியவர். பல வருடங்களாகச் சுற்றிவரும் இந்தக் கதை பொய்.

மார்வின் அமெரிக்காவின் மரைன் படை (கடல்வழியாக வந்து தாக்கும் படை) வீரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் 1944 ஜூனில் பசிபிக் கடலில் உள்ள சைபன் தீவில் குண்டடிபட்டு, காலுக்குப் போகும் முக்கிய நரம்பே அறுந்துபோனது. ஓராண்டுக்கு மேல் சிகிச்சை. இவோ ஜிமா சண்டை தொடங்கியதோ 1945 பிப்ரவரியில்! அவருக்குக் கிடைத்தது, போரில் காயம்பட்டவர்களுக்குத் தரும் பர்ப்பிள் ஹார்ட். அமெரிக்காவின் ஆர்லிங்டன் ராணுவ மயானத்தில் உள்ள அவர் கல்லறையில் நடிகர் என்றுகூட இல்லை. பெயரோடு சாதாரண சிப்பாயின் பதவிதான் இருக்கிறது. அவருக்கு எதற்கு இரவல் பதக்கம்?

சரி, கீஷன்? 1927-இல் பிறந்தவர், 1945-இல்தான் மரைனில் சேர்ந்தார். சண்டைக்களத்தையே பார்க்கவில்லை.

மார்வினின் நடிப்பு வாழ்க்கையும் படிப்படியாக வளர்ந்ததுதான். 1953-இல் ஒரு படத்தில், காதலியின் முகத்தில் கொதிக்கும் காபியை வீசும் அடியாளாக வந்து மிரட்டினார். இப்படிச் சின்னச் சின்ன வில்லன் வேடங்கள். அப்புறம் 1957 முதல் 1960 வரை 'எம் ஸ்குவாட்' தொடரில் சிகாகோ போலீஸ் அதிகாரி. 1965-இல் வந்த 'கேட் பலூ' படத்துக்குத்தான் ஆஸ்கர் கிடைத்தது.