எந்த வேலை கேட்கிறது இந்தப் பட்டத்தை?

போன ஞாயிற்றுக்கிழமை வலங்கைமானுக்குப் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். மேட்டூரில் திறந்த தண்ணீர் குடமுருட்டிக்கு வந்துவிட்டது. அத்தான் நாற்றங்காலுக்குப் போயிருந்தார். காப்பியைக் குடித்து முடிப்பதற்குள் அக்கா மகள் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். இந்த வருடம்தான் பி.எஸ்சி. வேதியியல் முடித்திருக்கிறாள்.

"மாமா, எம்.எஸ்சி. சேரட்டுமா, பி.எட். சேரட்டுமா? இல்லை, எம்.பி.ஏ. படித்துவிடட்டுமா?"

மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "எம்.எஸ்சி.யே சேரட்டும் தம்பி. இரண்டு வருடம் ஓடிவிடும்."

அந்தக் கடைசி வார்த்தை என்னை இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. இரண்டு வருடம் ஓடிவிடும். எதை நோக்கி ஓடும்?

அக்காவைக் குறை சொல்ல மாட்டேன். நம் பக்கத்தில் பட்டம் வாங்கிய பிள்ளை ஆறு மாதம் வீட்டில் இருந்தால் என்ன பேச்சு வரும் என்று அவளுக்குத் தெரியும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று எங்கே எடுத்துக்கொண்டாலும் பிள்ளைகளைப் படிக்க வைத்துவிட்டோம். கும்பகோணம் அரசு கல்லூரி 1854-இல் தொடங்கியது. பூண்டி, மன்னம்பந்தல், தஞ்சாவூர் சரபோஜி என்று 1950-களிலேயே கல்லூரிகள் வந்துவிட்டன. வேலைதான் அந்த அளவுக்கு வரவில்லை. வயலை விட்டால் கடை, ரைஸ் மில், பைனான்ஸ், பள்ளிக்கூடம். 2024-இல் தஞ்சாவூரில் நியோ டைடல் என்ற ஐ.டி. பூங்கா திறந்தார்கள், சந்தோஷம். ஆனால் இத்தனை பிள்ளைகளுக்கு அது ஒரு வாய் சோறு. மற்றவர்கள் உழவன் எக்ஸ்பிரஸிலோ மன்னை எக்ஸ்பிரஸிலோ இரவில் ஏறி விடியற்காலை சென்னையில் இறங்குகிறார்கள். ஏறாதவர்களை ஊர் ஒரே வார்த்தையில் முடித்துவிடும்: "சும்மா இருக்கிறான்."

அந்த வார்த்தைக்குப் பயந்துதான் முக்கால்வாசிப் பேர் இரண்டாவது பட்டத்தில் போய் ஒதுங்குகிறார்கள். "படிக்கிறான்" என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்பவர் வாயடைத்துப் போவார். பெண் பிள்ளையாக இருந்தால் வரன் பார்க்கும்போது ஜாதகத்தின் மேல் இன்னொரு வரி எழுதலாம். மழைக்கு ஒதுங்குகிற இடத்துக்கு இரண்டு வருடமும் லட்ச ரூபாயும் வாடகை கொடுக்கிறோம் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இதைப் பேச எனக்கு என்ன தகுதி என்றால், நானே அந்த வாடகையைக் கொடுத்தவன்.

2005-இல் கும்பகோணத்தில் பி.எஸ்சி. கணிதம் முடித்தேன். இரண்டு வருடம் ஒரு ரைஸ் மில்லில் கணக்கு எழுதினேன். 2007-இல் எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு படிப்பு மையம் திறந்தார்கள். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் பெயர், சுவரில் பெரிய சான்றிதழ்ப் படம், நாற்காலியில் டை கட்டிய ஒருவர். எம்.பி.ஏ., இரண்டு வருடம், ஞாயிறு வகுப்பு மட்டும், 38,000 ரூபாய். என்னிடம் அவ்வளவு பணம் இல்லை. அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. காதில் கிடந்த தோட்டைக் கழற்றித் துணியில் முடிந்து கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடன் வைத்தார். தோடு இல்லாமல் விட்டால் துளை தூர்ந்துவிடும் என்று விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்கை உருவி, விரற்கடை அளவுக்கு ஒடித்து, இரண்டு காதிலும் செருகிக்கொண்டார். சோறு போடக் குனியும்போதெல்லாம் அந்த ஈர்க்குத்தான் என் கண்ணுக்கு எதிரே வரும்.

2011-இல் ஒரு நிறுவனத்தில் எம்.பி.ஏ. கேட்டு விளம்பரம் வந்தது. எழுத்துத் தேர்வில் தேறினேன். சான்றிதழ் சரிபார்ப்பில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் என் எம்.பி.ஏ. சான்றிதழை மட்டும் எடுத்துத் தனியாக வைத்தார். கோபமாகக்கூடப் பேசவில்லை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அதன் மாநில எல்லையைத் தாண்டிப் படிப்பு மையம் நடத்த அனுமதி கிடையாது, இது செல்லாது என்றார். ஊருக்குத் திரும்பி வந்து பார்த்தால் மையம் இருந்த மாடியில் செல்போன் கடை.

அடுத்த வருடம் ஜூலையில் டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 எழுதினேன். இளநிலை உதவியாளர் ஆனேன். இன்றுவரை எனக்குச் சோறு போடுகிற அந்த வேலைக்கு அறிவிக்கையில் கேட்ட தகுதி என்ன தெரியுமா? பத்தாம் வகுப்புத் தேர்ச்சி. முதல் சம்பளம் கைக்கு வந்ததும் தோட்டை மீட்டேன். அம்மா ஈர்க்கை எடுத்துவிட்டுத் தோட்டை மாட்டிக்கொண்டபோது, அசலுக்கு மேல் வட்டி எவ்வளவு ஆனது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். முதலில் வேலையின் அறிவிக்கையைக் கையில் எடுங்கள். கல்லூரியின் விண்ணப்பத்தை அப்புறம் எடுங்கள்.

சில வேலைகளுக்கு அந்தப் பட்டம் இல்லாமல் வாசலே கிடையாது. பட்டம் முடித்தவர் வழக்கறிஞராக வேண்டும் என்றால் அதற்கு மேல் மூன்றாண்டு எல்எல்.பி. படித்தே ஆக வேண்டும். ஆறாம் வகுப்பு முதல் பாடம் நடத்தும் பள்ளி ஆசிரியர் என்றால் பி.எட். வேண்டும். நூலகர் வேலைக்கு நூலக அறிவியல் வேண்டும். கல்லூரி உதவிப் பேராசிரியர் என்றால் முதுகலையில் 55 விழுக்காடும் அதற்கு மேல் நெட், செட் என்ற தகுதித் தேர்வுகளில் ஒன்றோ முனைவர் பட்டமோ வேண்டும். இவற்றில் ஒன்றுதான் உங்கள் எண்ணம் என்றால், கடன் வாங்கியாவது படியுங்கள். நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் குரூப் 2-க்கு ஒரு பட்டம் போதும். குரூப் 1-க்கும் ஒன்றே போதும். வங்கி அதிகாரி தேர்வுக்கும் அதே ஒன்று. இரண்டாவது பட்டம் வைத்திருக்கிறான் என்பதற்காகத் தேர்வில் அரை மதிப்பெண் கூட்டிப் போட மாட்டார்கள். அந்த இரண்டு வருடத்தைப் பாடத்திட்டத்தோடு உட்கார்ந்து செலவழித்தவன் முன்னால் போய்விடுவான். என் அலுவலகத்தில் என்னோடு சேர்ந்தவர்களில் எம்.பில். முடித்தவர்களும் உண்டு, பிளஸ் டூவோடு வந்தவர்களும் உண்டு. பதவி உயர்வுக்கு எல்லோரும் எழுதியது ஒரே துறைத் தேர்வுதான். வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்பு முடித்தால் முன்பெல்லாம் ஊக்க ஊதிய உயர்வு உண்டு. அதையும் அரசு 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது.

எம்.பில். என்றதும் ஒரு நண்பரைச் சொல்ல வேண்டும். கல்லூரியில் எனக்கு இரண்டு வருடம் சீனியர். எம்.எஸ்சி., எம்.பில்., பி.எட்., எம்.எட். என்று படித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு முறையும் "இது ஒன்று இருந்தால் கிடைத்துவிடும்" என்பார். இப்போது தனியார் பள்ளியில் இருக்கிறார். காலையும் மாலையும் வீட்டில் டியூஷன் எடுத்துத்தான் குடும்பத்தை ஓட்டுகிறார். அவர் அளவுக்குக் கணிதம் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. 2022-இல் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி எம்.பில். படிப்பையே நிறுத்திவிட்டது என்று செய்தி வந்த அன்று அவரிடமிருந்து போன் வந்தது. கொஞ்ச நேரம் பேசாமலே இருந்தார். பிறகு, "இருபத்தைந்து வயதில் ஒரு வருடம், தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பி.எட். விஷயத்திலும் எல்லாம் சரியாக இருப்பதாக நான் சொல்லவில்லை. ஒரு வருடமாக இருந்த படிப்பு 2015 முதல் இரண்டு வருடம் ஆனது. முடித்தவுடன் பட்டதாரி ஆசிரியராகிவிட முடியாது. தகுதித் தேர்வில் தேற வேண்டும், அதற்குமேல் நியமனத்துக்குத் தனியாகப் போட்டித் தேர்வும் எழுத வேண்டும். அந்தத் தகுதித் தேர்வு ஒழுங்காக வருடாவருடம் நடக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 2012, 2013-இல் நடந்தது. அடுத்தது 2017-இல்தான். அதற்கப்புறம் 2019, 2022, 2025. 2014-இல் பி.எட். முடித்த பெண் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். தேர்வு எழுதவே மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். அதற்குள் கல்யாணம், குழந்தை. தேர்வறைக்குப் போகும்போது பாடம் பாதி மறந்திருக்கும். ஏற்கெனவே பணியில் இருக்கும் ஆசிரியர்களில் ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் உள்ளவர்களும் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் சொல்லிவிட்டது. இனி இந்தத் தேர்வைத் தள்ளிவைத்து யாரும் பிழைக்க முடியாது.

நம் ஊரில் தண்ணீர் எத்தனை நாள் ஓடும் என்று பார்க்காமல் யாரும் நாற்று விட மாட்டார்கள். குறுவைக்கு 110 நாள் ரகமான ஆடுதுறை 43-ஐ விடுகிறவர், அதே பருவத்தில் 155 நாள் பிடிக்கும் சி.ஆர். 1009-ஐ விட்டுவிட்டு அறுப்பு நேரத்து மழையில் நிற்க மாட்டார். நெல்லுக்குப் பார்க்கிற கணக்கைப் பிள்ளையின் வயதுக்கும் பார்க்கலாமே என்றுதான் கேட்கிறேன்.

பணக் கணக்கும் இருக்கிறது. அக்கா மகளுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வந்துகொண்டிருந்தது. முதல் பட்டத்தோடு அது நின்றுவிட்டது. கல்விக்கடன் ஏழரை லட்சம் வரைக்கும் ஈடு கேட்க மாட்டார்கள், படிப்பு முடிந்து ஒரு வருடம் வரைக்கும் தவணையும் கேட்க மாட்டார்கள். உண்மைதான். ஆனால் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். அதைக் கையெழுத்து வாங்கும்போது யாரும் நிறுத்திச் சொல்வதில்லை.

தொலைநிலையில் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 2013-லிருந்து இதற்கு அனுமதி கொடுப்பது யுஜிசிதான். அதன் இணையதளத்தில் பட்டியல் இருக்கிறது. பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். நீங்கள் சேரும் அந்தப் பாடம், நீங்கள் சேரும் அந்த வருடத்துக்கு அனுமதி பெற்றிருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று 2022-இல் யுஜிசி சொன்னதை வைத்து இப்போது விளம்பரம் தூள் பறக்கிறது. படிக்கலாம். தினமும் இரண்டு பஸ் மாறிக் கல்லூரிக்குப் போய் வரும் பிள்ளைக்கு அது எப்போது முடியும் என்பதையும் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

படிப்பை வேலைக்காக மட்டும் பார்க்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். பார்க்க வேண்டியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு தமிழ் எம்.ஏ. சேர்ந்து பரீட்சை எழுதும் பெரியவர்களைப் பார்க்கும்போது எனக்குக் கும்பிடத் தோன்றும். ஆசைக்குப் படிப்பவர் ஆசைக்கு என்று தெரிந்து படிக்கிறார்; அதில் ஏமாற்றம் இல்லை. வேலை கிடைக்கும் என்று நம்ப வைத்து, அம்மாவின் காதுத் தோட்டை வைத்துப் படிக்க வைக்கிறோமே, அங்கேதான் பாவம் சேர்கிறது.

அக்கா மகளிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "பத்து வருடம் கழித்துக் காலையில் எங்கே கிளம்பிப் போவதாக நினைக்கிறாய், தங்கம்?" என்று மட்டும் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "பள்ளிக்கூடத்துக்கு, மாமா" என்றாள்.

போனில் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் பழைய அறிவிக்கைகளைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். கல்வித் தகுதி என்று இருக்கும் பத்தியை உரக்கப் படிக்கச் சொன்னேன். பட்டதாரி ஆசிரியருக்கு இளங்கலை, பி.எட்., தகுதித் தேர்வு. முதுகலை ஆசிரியருக்கு எம்.எஸ்சி., பி.எட். படித்துக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். "மாமா, எது என்றாலும் பி.எட். வேண்டும். எம்.எஸ்சி. மட்டும் படித்தால் இரண்டுக்குமே போக முடியாது." அவளே கண்டுபிடித்தாள். எம்.பி.ஏ. பற்றிப் பிறகு பேச்சே வரவில்லை.

ஃபைலின் அடியில் இன்னொரு தாளும் இருந்தது. கல்லூரிக்கு வந்த மருந்து கம்பெனி ஒன்று தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் மாதம் 16,000 ரூபாய்க்கு எடுத்துக்கொள்வதாகக் கொடுத்த கடிதம். சென்னைக்குப் பக்கத்தில், கம்பெனி விடுதி உண்டு. வீட்டில் யாரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் திறந்தேன். ஒரத்தநாடு அரசு கல்வியியல் கல்லூரியிலோ வேறு அரசு உதவி பெறும் கல்லூரியிலோ இடம் கிடைத்தால் பி.எட். சேரட்டும். கிடைக்காவிட்டால், தனியார் கல்லூரியில் பணத்தைக் கொட்டாமல், ஒரு வருடம் அந்த வேலைக்குப் போகட்டும். ஆய்வகத்தில் கைபழகும், கையில் காசு சேரும், அடுத்த வருடம் மறுபடியும் விண்ணப்பிக்கலாம். அக்காவுக்குப் பிடிக்கவில்லை. பெண்ணைத் தனியாகச் சென்னைக்கு அனுப்புவதா என்று பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள். அத்தான் சேற்றுக் காலோடு வந்து நின்று எல்லாவற்றையும் கேட்டார், ஒன்றும் சொல்லவில்லை. கடிதத்தை மட்டும் வாங்கி, கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, இரண்டு முறை படித்தார்.

நேற்று இரவு அவள் போன் செய்தாள். அப்பா அந்தக் கம்பெனிக்கு ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்கிறாராம். அம்மா இன்னும் பேசவில்லையாம். கூடவே, "மாமா, என் கூடப் படித்த இரண்டு பேர் எம்.எஸ்சி.க்குப் பணம் கட்டப் போகிறார்கள். அந்த அறிவிக்கையை அவர்களுக்கும் அனுப்பட்டுமா?" என்று கேட்டாள். அனுப்பச் சொன்னேன். பணம் கட்டுவதற்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஃபைலோடு வரட்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.