சுனாமில ஒதுங்குன "பேய் மீன்" போட்டோவா? இல்லைங்க, அது வேற கதை

மறுபடியும் வாட்ஸ்அப்ல அதே போட்டோ செட் சுத்துது. பல்லு துருத்திக்கிட்டு நிக்கிற மீன், கூழு மாதிரி தொங்குற மூஞ்சி, "2004 சுனாமில ஆழ்கடல்ல இருந்து கரை ஒதுங்குன மர்ம உயிரினங்கள், ஷேர் பண்ணுங்க"ன்னு ஒரு வரி. அந்த டிசம்பர் 26ஐ பார்த்தவங்க நம்ம ஊர்ல நிறைய பேரு, அதனாலயே டக்குனு நம்பிடுறாங்க.

ஆனா அந்த படங்க 2003 மே, ஜூன்லயே எடுத்தது, சுனாமிக்கு ஒன்றரை வருஷம் முன்னாடி. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து விஞ்ஞானிங்க டாங்கரோவாங்கற ஆராய்ச்சி கப்பல்ல டாஸ்மன் கடல் பக்கம் போய் வலை போட்டு புடிச்சதுங்க, அந்த பயணத்துக்கு நார்ஃபான்ஸ்னு பேரு.

அந்த கூழு மூஞ்சிக்காரர் பிளாப்ஃபிஷ். கீழ இருக்கும்போது அவரும் சாதாரண மீன் மாதிரிதான் இருப்பாரு, 1000 மீட்டர் ஆழத்துல மேல இருக்குறத விட 100 மடங்கு அழுத்தம், தண்ணிதான் உடம்ப தாங்கிப் புடிக்கும், சதையே ஜெல்லி மாதிரிதான், மேல இழுத்து போட்டதும் தொளதொளன்னு சரிஞ்சிடும். போட்டோவ ஜூம் பண்ணி பாருங்க, வாயோரமா ஏதோ ஒட்டியிருக்கும், அது ஒட்டுண்ணி, பாவம் அதுவும் சேர்ந்து ஃபேமஸ் ஆயிடுச்சு.

இன்னொண்ணு, நடுக்கடல்ல சுனாமி அலை ஒரு மீட்டர் கூட எழும்பாது, கப்பல்ல இருக்கவங்களுக்கே தெரியாது, அடியில கிடக்குற மீன அப்படியே தூக்கிட்டு வந்து கரையில போடுற வேலையெல்லாம் அது செய்யாது. அந்த பிளாப்ஃபிஷ் இப்ப சிட்னில ஆஸ்திரேலியன் மியூசியத்துல இருக்கு.