அம்புக்குறியை அழித்துவிட்டுப் பாருங்கள்

போருக்கு ஆதாரம் என்று ஒரு தலைவர் செயற்கைக்கோள் படம் காட்டினால், அதிலுள்ள அம்புக்குறிகளையும் எழுத்துகளையும் மறைத்துவிட்டுப் பாருங்கள். ஈராக் தடைசெய்யப்பட்ட ஆயுதங்களை மறைக்கிறது என்று சொல்லி, 2003 பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் கொலின் பவல் காட்டிய படங்களை அப்படிப் பார்த்தால் கூரைகளும் லாரிகளும்தான் மிஞ்சும்.

பாக்தாத்துக்கு வடக்கே உள்ள தாஜி ஆயுதக் கிடங்கின் படத்தையே எடுத்துக்கொள்வோம். மொத்தம் 15 கிடங்குகள். நான்கைச் சுற்றிச் சிவப்புக் கட்டம். பெரிதாக்கிய படத்தில் ஒரு சிறு கட்டடத்துக்கு அருகே காவல் அறை என்றும், ஒரு லாரிக்கு அருகே நச்சு நீக்கும் வாகனம் என்றும் குறிப்பு. அந்த லாரி நிற்பதால் உள்ளே இருப்பது ரசாயன ஆயுதம் என்பதுதான் வாதம். பக்கத்திலேயே இன்னொரு படம்: ஐ.நா. ஆய்வாளர்கள் வரும் நேரம், லாரியைக் காணோம். முன்பு, பின்பு என்று இரண்டு படங்களை ஒட்டிவைத்தால் நடுவில் நடந்த கதையை நம் மனமே எழுதிக்கொள்ளும்.

இரண்டுக்கும் இடையே எத்தனை நாள் என்று கேட்டிருந்தால் கதை அங்கேயே உடைந்திருக்கும். ஒன்பது நாள் கழித்து அதே சபையில் ஆய்வுக் குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸ் அதைச் சொன்னார்: படங்களுக்கு நடுவே பல வார இடைவெளி, அந்த நடமாட்டம் வழக்கமான வேலையாகவும் இருக்கலாம். அதைவிட மோசம், அந்த வாகனங்கள் வேறு வேலைக்கும் பயன்படும் தண்ணீர் லாரிகள் என்று பவலின் சொந்தத் துறையைச் சேர்ந்த உளவுப் பிரிவே உரைக்கு முன்பு எழுதிக் கொடுத்திருந்தது. இந்தப் படங்கள் சாதாரண ஆளுக்குப் புரியாது, தனக்கே கடினம்தான் என்று பவலும் மேடையில் சொன்னார். நிபுணர்தான் படிக்க முடியும் என்றால், நாம் நம்பியது படத்தை அல்ல, அதன்மேல் எழுதியவரை.

ஈராக்கிடம் இருப்பதாகப் பவல் சொன்ன நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்களுக்கு அந்த அளவுக்குக்கூட ஒன்றும் இல்லை. புகைப்படமே கிடையாது, எனவே வரைந்து காட்டினார்கள். லாரியின் பக்கச் சுவரைத் திறந்தாற்போல, உள்ளே தொட்டி, குழாய் எல்லாம் சுத்தமாக. முக்கிய ஆதாரம் ஜெர்மன் உளவுத்துறையின் கையில் இருந்த ஒரே ஒரு ஈராக்கிய அகதியின் வாக்குமூலம். உரைக்கு முன் சி.ஐ.ஏ. அவரை நேரில் விசாரித்ததே இல்லை. சொன்னது பொய் என்று 2011இல் அவரே ஒப்புக்கொண்டார். வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் யார் சொன்னது என்று கேட்டிருப்பார்கள். வரைபடமானதும் அந்தக் கேள்வி மங்கிவிட்டது. என்னைப் பொறுத்தவரை அன்றைய உரையிலேயே மன்னிக்க முடியாத பகுதி இதுதான்.

போர் தொடங்கிய பிறகு வேலை கேமரா கோணத்துக்கு மாறியது. 2003 மே 1 அன்று அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் ஆபிரகாம் லிங்கன் விமானந்தாங்கிக் கப்பலில் போர் விமானத்தில் வந்து இறங்கினார். சான் டியேகோ கரை சுமார் 50 கிலோமீட்டர்தான், ஹெலிகாப்டரே போதும். பின்னணியில் கரை தெரியாமல் கடல் மட்டும் தெரியும்படி கப்பலை நிறுத்தினார்கள். பணி முடிந்தது என்ற பேனர் அவர் தலைக்கு மேல் தெரிந்தது. ஈராக்கில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களில் 4,000க்கும் மேற்பட்டவர்கள் அந்த நாளுக்குப் பிறகுதான் இறந்தார்கள். ஈராக்கியர்களின் சாவுக்கு அந்தச் சட்டகத்தில் இடமே இல்லை.

காட்டாத படத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். சிப்பாய்களின் சவப்பெட்டிகள் வந்து இறங்கும் அமெரிக்காவின் டோவர் விமானப்படைத் தளத்தில் ஊடகங்கள் படமெடுக்க 1991 முதல் தடை இருந்தது. துயரத்தில் இருக்கும் குடும்பங்களின் அந்தரங்கம் என்று காரணம் சொன்னார்கள். ஆனால் குடும்பத்தின் விருப்பத்தைக் கேட்கும் ஏற்பாடு 2009இல் தடையைத் தளர்த்தியபோதுதான் வந்தது. ஈராக் போரின் மிகக் கொடிய ஆண்டுகள் அதற்குள் முடிந்திருந்தன.