புதுத் திட்டம் பிறகு, இருக்கிற சட்டத்தை முதலில் செய்யுங்கள்

"ஜனாதிபதி நல்ல திட்டங்கள் வைத்திருக்கிறார், கொஞ்சம் பொறுங்கள்" என்று இனி யாராவது வந்து சொன்னால் எனக்கு விசர்தான் வரும். பொறுத்தது போதும். நேற்று அம்மாவின் பெயருக்குக் கொழும்பில் இருந்து ஒரு கடிதம் வந்தது. அரச திணைக்களக் கடிதம். மேலே அரச இலச்சினை, அதற்குக் கீழே திணைக்களத்தின் பெயர் மூன்று மொழியிலும் வடிவாக அச்சடித்திருக்கிறது. "எனது இல.", "உமது இல." என்பதுகூட மூன்று மொழியில். அதற்குப் பிறகு விஷயம் தொடங்கினால், கடைசிக் கையெழுத்து வரைக்கும் முழுக்கச் சிங்களம். முகவரியில் யாழ்ப்பாணம் என்று இருக்கிறது, பெயர் தமிழ்ப் பெயர், அனுப்பிய விண்ணப்பம் தமிழில் நிரப்பியது. இவ்வளவும் மேசையில் கிடக்க, இந்த மனுசி இதை எப்படி வாசிக்கும் என்ற யோசனை அதை எழுதியவருக்கு வரவே இல்லை.

அன்று இரவு செய்தியைப் போட்டால் ஜனாதிபதி அநுர பேசிக்கொண்டிருக்கிறார். டிஜிட்டல் மயம், புதிய அரசியல் கலாசாரம், எல்லோருக்கும் சமமான நாடு. எனக்கு ரீவியை நிறுத்தத் தோன்றவில்லை, தூக்கி எறியத் தோன்றியது.

நடந்ததைச் சொல்கிறேன். அம்மாவின் அடையாள அட்டை மினிபஸ்ஸில் பேர்சோடு போய்விட்டது. தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். பொலிஸில் முறைப்பாடு, கிராம சேவகர், பிரதேச செயலகம், அங்கே இருந்து கொழும்பு. சரி என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு பொலிஸ் நிலையத்துக்குப் போனேன். முறைப்பாடு எடுக்கிற மேசையில் இருந்தவர் முதலில் சொன்னது, "தமிழ் தெரிஞ்ச ஆள் லீவு, நாளைக்கு வாங்க" என்பதுதான். யாழ்ப்பாண மாவட்டத்தில் இருக்கிற ஒரு பொலிஸ் நிலையத்தில் தமிழ் தெரிந்த ஆள் லீவாம்! ஆஸ்பத்திரியில் டொக்டர் லீவு, மற்றவர்கள் எல்லாம் இருக்கிறோம், உள்ளே வாருங்கள் என்பதுபோல இருந்தது. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நாளைக்கு வர ஏலாது என்று நான் விடாமல் நின்றபடியால் ஒரு இளம் பொலிஸ்காரர் அந்தப் பெரிய புத்தகத்தைத் திறந்தார். அவருக்குத் தெரிந்த தமிழ் "எங்க", "எப்ப", "என்ன கலர்". அவ்வளவுதான். அம்மா எதையும் சுருக்கிச் சொல்லிப் பழகாத ஆள். கோயிலுக்குப் போனது, திரும்பி வர பஸ் பிந்தினது, ஏறினால் இருக்க இடமில்லை, நடத்துனர் பின்னுக்குத் தள்ளினது, ஒரு பிள்ளைத்தாய்ச்சி நின்றது, ரிக்கற் எடுக்கப் பேர்சைத் திறந்தது, இறங்கி வீட்டுப் படலையைத் திறக்கும்போதுதான் பார்த்தால் பேர்ஸ் இல்லை என்று முழுக்கதையையும் சொல்லி முடித்தார். அந்தப் பொடியன் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தான், பிறகு குனிந்து எழுதத் தொடங்கினான். பக்கம் முடிந்து மற்றப் பக்கமும் போனது. எழுதி முடித்துவிட்டுச் சட்டப்படி வாசித்துக் காட்ட வேண்டும் என்று வாசித்தும் காட்டினான், சிங்களத்தில். அம்மா தலையாட்டினார். விளங்கி ஆட்டவில்லை, பொலிஸுக்கு முன்னால் இருந்தால் நாங்கள் எல்லோரும் ஆட்டுவோமே, அந்த ஆட்டு. பிறகு பேனையை நீட்டி, "அம்மா, இங்க சைன்."

"என்ன தம்பி எழுதியிருக்கு?" என்று அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார். நான் என்னத்தைச் சொல்வது? என் சிங்களம் கொழும்பில் கடையில் விலை கேட்கும் அளவுக்குத்தான். வாசலில் நின்ற ஓட்டோக்காரரைக் கூப்பிட்டு, அவருக்குத் தெரிந்த சிங்களத்தில் இரண்டு வசனம் கேட்டு, சரியாகத்தான் இருக்கும் என்று நம்பி அம்மா கையெழுத்துப் போட்டார். எழுபது வயது தாண்டிய ஒரு பெண், தனக்கு ஒரு எழுத்தும் தெரியாத ஒரு வாக்குமூலத்துக்குக் கீழே, அதுவும் இந்த நாட்டில், கையெழுத்துப் போடுகிறார். இது சின்ன விஷயம் என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். தெரியாத மொழியில் எழுதின ஒப்புதல் வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கப்பட்டு வருடக்கணக்காக மறியலில் கிடந்த பிள்ளைகள் இந்த மண்ணில் இருக்கிறார்கள். அதற்கு வழிவிட்ட பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் முழுப் பெயரிலேயே "தற்காலிக ஏற்பாடுகள்" என்று இருக்கிறது. 1979 இல் தற்காலிகமாகக் கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கினார்கள். அதை நீக்குவோம் என்று 2015 இல் வந்த அரசாங்கம் ஜெனிவாவில் வாக்குக் கொடுத்தது, இப்போது இருப்பவர்களும் தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதினார்கள்.

அதோடு முடிந்ததா? இல்லை. அந்தப் பிரதியைப் பிரதேச செயலகத்துக்குக் கொண்டுபோனால், அட்டை வீட்டில் தொலைந்ததாக அதில் எழுதியிருக்கிறது என்றார்கள். அம்மா கடைசியாகச் சொன்ன வீட்டுப் படலை மட்டும் அந்தப் பொடியனுக்கு விளங்கியிருக்கிறது, பஸ் விளங்கவில்லை. விண்ணப்பத்தில் பஸ், முறைப்பாட்டில் வீடு. திருத்திக்கொண்டு வாருங்கள். திரும்பப் பொலிஸுக்குப் போனால் எழுதின முறைப்பாட்டை மாற்ற ஏலாது, புதிதாகப் போடுங்கள் என்கிறார்கள். புதிதாகப் போட்டு, திரும்பக் கையெழுத்து வைத்து, திரும்ப வரிசையில் நின்று, அங்கே இருந்தவர் தொலைந்த அடையாள அட்டையின் போட்டோக்கொப்பி எங்கே என்று கேட்டு, அட்டைதானே தொலைந்தது என்று நான் சத்தம் போட்டு, பின்னால் நின்றவர்களும் சேர்ந்து சத்தம் போட்டு, ஒருவழியாக எல்லாம் கொழும்புக்குப் போனது. அதற்குப் பதிலாகத்தான் நேற்றுச் சிங்களத்தில் கடிதம். அயலில் கொழும்பில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயாவிடம் கொண்டுபோய் வாசிப்பித்தோம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதி தெளிவில்லையாம், குறித்த திகதிக்குள் திரும்ப அனுப்ப வேண்டுமாம். இரண்டு வரி. இதைத் தமிழில் எழுத ஒரு ஆள் இல்லையாம் ஒரு திணைக்களத்தில்.

அந்தப் பொலிஸ்காரப் பொடியனில் எனக்குக் கோபம் இல்லை. அவனும் எங்கேயோ தூர ஊரில் இருந்து வந்து, தெரியாத மொழிக்குள் கிடந்து முழிக்கிறான். அவனை அங்கே தமிழ் படிப்பிக்காமல் கொண்டுவந்து இருத்தினவர்களில்தான் கோபம்.

ஏனென்றால் இதற்குச் சட்டம் இல்லை என்று ஒருவரும் சொல்ல ஏலாது. 1956 இல் பண்டாரநாயக்க 24 மணித்தியாலத்தில் சிங்களம் மட்டும் என்று சொல்லி வந்து அதைச் செய்தும் காட்டினார். தமிழுக்கு வந்தபோது, தமிழர் தலைவர் செல்வநாயகத்தோடு தானே கையெழுத்துப் போட்ட 1957 ஒப்பந்தத்தை அடுத்த வருடமே கிழித்துப் போட்டார். அதற்குப் பிறகு எவ்வளவு உயிர் போய், 1987 இல் 13 ஆவது திருத்தம் வந்து தமிழும் அரச கரும மொழி என்று எழுதினார்கள். 1988 இல் 16 ஆவது திருத்தம் வந்தது. வடக்கிலும் கிழக்கிலும் நிர்வாக மொழி தமிழ், அரச பதிவுகளும் தமிழில், நாட்டின் மற்ற இடங்களிலும் தமிழில் கேட்டால் தமிழில் பதில் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 22 ஆவது உறுப்புரையிலேயே இருக்கிறது. 1991 இல் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்குச் சட்டம் போட்டார்கள். 2007 இல் சுற்றுநிருபம் வந்தது, அந்த ஜூலைக்குப் பிறகு சேருகிற அரச ஊழியர்கள் ஐந்து வருடத்துக்குள் மற்ற மொழியைப் படிக்க வேண்டும் என்று. கணக்குப் பாருங்கள், அன்று சேர்ந்தவர் இன்று மேலதிகாரி. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்களே, எங்கள் அரசியலமைப்பில் தமிழின் நிலை அதுதான்.

ஒவ்வொரு ஜனாதிபதியும் வந்து இதையே புதிதாகக் கண்டுபிடித்ததுபோல ஒரு திட்டம் போடுகிறார்கள், அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. மஹிந்த 2012 இல் மும்மொழி இலங்கைக்குப் பத்து வருடத் திட்டம் என்று கொழும்பில் பெரிய விழா எடுத்து, அப்துல் கலாமையே கூப்பிட்டுத் தொடக்கி வைத்தார். 2012 முதல் 2021 வரை. 2021 இல் என்ன நடந்தது தெரியுமா? சட்டமா அதிபர் திணைக்களத்தில் திறந்த நூலகத்தின் பெயர்ப்பலகையில் சிங்களம், ஆங்கிலம், மூன்றாவதாகச் சீனம்! தமிழைக் காணவில்லை. சத்தம் வந்த பிறகுதான் கழற்றினார்கள். பத்து வருடத் திட்டம் முடிகிற வருடத்தில் இது. மைத்திரிபால காலத்தில் அரச கரும மொழிகளுக்கு என்று அமைச்சே இருந்தது, புதிய அரசியலமைப்பு எழுத அரசியலமைப்புச் சபை கூடியது, 2017 இல் இடைக்கால அறிக்கையும் வந்தது. 2018 ஒக்டோபரில் பிரதமரை ஒரே இரவில் மாற்றி எல்லாவற்றுக்கும் மண்ணள்ளிப் போட்டார்கள். கோட்டாபய வந்தார், "ஒரே நாடு ஒரே சட்டம்" என்றார், 2020 சுதந்திர தினத்தில் தமிழில் தேசிய கீதத்தையும் நிறுத்தினார். ரணில் 75 ஆவது சுதந்திர தினத்துக்கு முன் இனப்பிரச்சினையைத் தீர்ப்பேன் என்றார். 2023 பெப்ரவரி 4 வந்தது, போனது.

இப்போது அநுர. இவருக்கு யாழ்ப்பாணத்திலேயே மூன்று ஆசனம் கொடுத்தது சனம். எங்கள் வீட்டிலும் போட்டோம், மறைக்க என்ன இருக்கிறது, பழையவர்களில் அவ்வளவு வெறுப்பு. 225 இல் 159 ஆசனம். யாருடைய தயவும் தேவையில்லாத பெரும்பான்மை. யாழ்ப்பாணத்தில் கடவுச்சீட்டு அலுவலகம் திறந்தார், நல்லது, கொழும்புக்கு அலைந்த எத்தனை பேர் கும்பிட்டிருப்பார்கள். யாழ்ப்பாண நூலகத்துக்கு 100 மில்லியன் ரூபா ஒதுக்கினார், நல்லது. ஆனால் ஒரு வருடத்துக்குள் மாகாண சபைத் தேர்தல் என்றது எங்கே? உள்ளூராட்சித் தேர்தல் 2025 மே மாதம் நடந்தது, மாகாண சபை மட்டும் வருடம் கடந்தும் வரவில்லை. வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, அன்றில் இருந்து ஆளுநர்தான். புதிய அரசியலமைப்பு வரும், அதில் எல்லாம் வரும் என்கிறார்கள். ஐயா, பழைய அரசியலமைப்பில் இருக்கிற 22 ஆவது உறுப்புரையைச் செய்ய யாருடைய அனுமதி வேண்டும்? பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு வேண்டுமா? சர்வஜன வாக்கெடுப்பு வேண்டுமா? ஒரு பொலிஸ் நிலையத்தில் எந்த நேரமும் தமிழ் எழுதத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும், அப்படி ஒருவர் கிடைக்கும் வரைக்கும் ஆட்சேர்ப்பில் அதுதான் முதல் தகுதி. யாழ்ப்பாணத்துக்கு அனுப்புகிற கடிதம் தமிழில் இருந்தால்தான் முத்திரை ஒட்ட வேண்டும். மீறினால் அனுப்பின அதிகாரிக்குச் சம்பள உயர்வு இல்லை. இதற்கு வெளிநாட்டு நிபுணர் வேண்டாம், சர்வதேச நாணய நிதியத்தைக் கேட்க வேண்டாம்.

டிஜிட்டல் என்கிறார்கள். செய்யுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கடதாசியில் தமிழைக் கொடுக்காதவன் கணினியில் கொடுப்பான் என்று நான் எதை வைத்து நம்புவது? அம்மாவின் விண்ணப்பம் நாளைக்கு இணையத்தில் போகும், பதில் செய்தியாகத் தொலைபேசிக்கு வரும், அதுவும் சிங்களத்தில் வந்தால் அந்த ஐயாவின் வீட்டுக்குக் கடிதத்துக்குப் பதிலாகத் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். மலையகத்தில் இன்னும் மோசம். இருமொழிப் பிரதேச செயலகப் பிரிவு என்று வர்த்தமானியில் போட்ட இடங்களிலேயே தோட்டத்துச் சனம் பிறப்புப் பதிவுக்கு ஆள்பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிள்ளையின் பெயரை யாரோ ஒருவர் தனக்கு விளங்கினபடி எழுதி, அந்தப் பிள்ளை பரீட்சைக்குப் போகும்போது பெயர் பொருந்தவில்லை என்று நிறுத்துகிறார்கள். வாழ்க்கை முழுக்க அந்த ஒரு எழுத்துக்காகச் சத்தியக் கடதாசி முடித்துத் திரிய வேண்டும்.

எழுத எழுதக் கொதிக்கிறது. பிறப்புச் சான்றிதழ் புதிதாக எடுத்தாயிற்று, நாளைக்குப் பதிவுத் தபாலில் போகிறது. கடிதத்தில் தமிழில் பதில் தரவும், அரசியலமைப்பு 22 ஆவது உறுப்புரை என்று பெரிய எழுத்தில் எழுதிச் சிவப்புப் பேனையால் கோடும் போட்டிருக்கிறேன். அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கும் ஒரு பிரதி போகிறது. நீங்களும் எழுதுங்கள், இப்படிக் கடிதம் வந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள், குவியட்டும்.

அப்புறம் இந்த மினிபஸ்காரருக்கும் சொல்ல இருக்கிறது. கிளீன் ஸ்ரீலங்கா என்ற அரசாங்கத் திட்டத்தைச் சொல்லி, பஸ்ஸில் தொங்கின பூமாலை, பொம்மை எல்லாவற்றையும் பொலிஸ் கழற்றினது, சரி. ஆட்களை மூட்டை அடுக்குவதுபோல அடுக்குவதை யார் கழற்றுவது? மூச்சு விட இடமில்லை, இன்னும் "பின்னுக்குப் போங்கோ, பின்னுக்குப் போங்கோ". அதோடு மிச்சக் காசு. இறங்கும்போது தாறன் என்பான், இறங்கும்போது மற்றப் பக்கம் பார்ப்பான், கேட்டால் முறைப்பான். எங்கள் காசைத்தானே கேட்கிறோம்!