தேர்வுத்தாளோடு நிறுத்தாமல் கடைக்கும் வந்து பாருங்கள்

மருந்துக்கடையில் இருக்கும் மருந்தாளுநர்களின் தொழில்திறனை அவ்வப்போது மதிப்பிட வேண்டும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். அது ரொம்பச் சரி. டி.பார்ம் என்ற மருந்தாளுநர் பட்டயப் படிப்பு முடித்தவர்களுக்குத் தகுதித் தேர்வு என்று 2022-லேயே விதிமுறை வந்துவிட்டது. ஆனால் எழுத்துத் தேர்வில் பாதிதான் தெரியும்.

எங்கள் பாம்பன், மண்டபம் பக்கம் ஒருவர் மூக்கொழுகலுக்கு மாத்திரை கேட்டால், "இன்னைக்குக் கடலுக்குப் போறீங்களாண்ணே?" என்று கேட்கத் தெரிய வேண்டும். சில அலர்ஜி மாத்திரைகள் ஆளைத் தூக்கத்தில் அமுக்கிவிடும். விசைப்படகில் வலை இழுக்கிறவருக்கு அது உயிராபத்து. டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரைக்குச் சீட்டு வந்தால், நிறையத் தண்ணீரோடு விழுங்கச் சொல்வதோடு வெயில் பட்டால் தோல் எரியும் என்றும் சொல்ல வேண்டும். கடல்பாசி எடுக்கப் போகும் அக்காமார் வெயிலில்தானே கிடக்கிறார்கள்! அப்புறம், இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்கிறார்களா, கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள் என்பதும் திறனில் சேர்த்திதான்.

நோயாளிக்கு ஆலோசனை சொல்வது மருந்தாளுநரின் கடமை என்று மருந்தாளுநர் தொழிலுக்கான 2015 விதிமுறைகளே சொல்கின்றன. அதற்கு அவர் கடையில் இருக்க வேண்டுமே. நான் வாங்கும் ஒரு கடையில் சான்றிதழ் சுவரில் தொங்குகிறது. மாத்திரை அட்டையைக் கத்தரித்துக் கொடுப்பதோ வேலைக்கு நிற்கும் பையன். மதிப்பிட வருகிறவர்கள் சொல்லாமல் கொள்ளாமல் சாயங்காலம் 7 மணிக்கு வரட்டும்.