வீட்டை யார் பார்த்துக்கிட்டாங்க?

ஞாயிற்றுக்கிழமை சேலம் அஸ்தம்பட்டி கூட்டத்தில் நான் பேசிய வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், பாதிப் பேர் எனக்கே திருப்பி அனுப்பியும் வைத்தீர்கள். அதனால் நடந்ததை முதலிலிருந்து சொல்லப் போவதில்லை. மேகாலயாவின் பெட்ரீசியா முகிம் என்கிற பத்திரிகை ஆசிரியரைப் பற்றி நான் அவ்வளவு நேரம் பேசி முடித்ததும், முன்வரிசையில் இருந்து வந்த முதல் கேள்வி இதுதான்: "அதெல்லாம் சரிங்கம்மா, இப்படி கேஸு, கோர்ட்டுன்னு அலைஞ்சா வீட்டை யாருங்க பார்த்துக்கிட்டாங்க?" அரங்கமே சிரித்தது. மேடையில் என் பக்கத்தில் இருந்தவர்களும்தான்.

முகிமின் வீட்டைப் பற்றி நான் பேசவே இல்லை. அவர் வேலையைப் பற்றித்தான் பேசினேன். பள்ளி ஆசிரியையாக இருந்தவர், 1987இல் பத்தி எழுதத் தொடங்கி, 2008இல் ஷில்லாங் டைம்ஸின் ஆசிரியர் ஆனார். அது 1945இல் தொடங்கிய பத்திரிகை. மேகாலயாவின் சட்டவிரோத நிலக்கரிச் சுரங்கங்களைப் பற்றித் தொடர்ந்து எழுதினார். 2018 ஏப்ரலில் அவர் வீட்டின் மீது பெட்ரோல் குண்டு வீசினார்கள். வீட்டைப் பற்றிக் கேட்டே ஆகவேண்டும் என்றால் இதையல்லவா கேட்டிருக்க வேண்டும்?

அந்த வருடக் கடைசியில், ஓய்வுபெற்ற நீதிபதிகளுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் கேட்கப்பட்ட சலுகைகளைப் பற்றி அந்தப் பத்திரிகையில் செய்தி வந்தது. நீதிமன்ற அவமதிப்பு என்றது மேகாலயா உயர்நீதிமன்றம். அவருக்கும் பதிப்பாளர் ஷோபா சௌத்ரிக்கும் ஆளுக்கு 2 லட்சம் அபராதம், அன்றைக்குக் கோர்ட் கலையும் வரை ஒரு மூலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், பணம் கட்டாவிட்டால் 6 மாதம் சிறை, பத்திரிகையும் நிற்கும். தேதி 2019 மார்ச் 8, மகளிர் தினம். ஒரு வாரத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. சரி, ஆனால் அந்த ஒரு வாரத்தை நினைத்துப் பாருங்கள். செய்தியை யார் எழுதினாலும் தலை கொடுப்பது ஆசிரியர். ஆசிரியர் வேலை என்பதே அதுதான், அதைச் செய்தவரிடம் போய் வீட்டுக் கணக்கு கேட்கிறோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். நான் சேலத்தில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்தவள். கோலப்போட்டி, பள்ளி ஆண்டுவிழா, ஆடித் திருவிழா எல்லாம் என் பேருக்குத்தான் வரும். ஒரு மழைக்கால ராத்திரி ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது. நான் பிறந்து வளர்ந்தது நாகலூர் பக்கம், அப்பா காபி எஸ்டேட்டில் இருந்தார், இருபது கொண்டை ஊசி வளைவும் எனக்கு மனப்பாடம். நான் போகிறேன் என்றேன். "பொம்பளப் புள்ளைய ராத்திரியில மலைக்கு அனுப்பினா உங்க வீட்ல என்னம்மா சொல்வாங்க?" என்று கேட்டுவிட்டு வேறொருவரை அனுப்பினார்கள். அவர் அடிவாரத்தோடு நின்றுவிட்டார். குப்பனூர் வழியாக வண்டிகளைத் திருப்பி விடுகிறார்கள் என்பதையும், எந்த வளைவில் பாறை கிடக்கிறது என்பதையும் போனிலேயே ஊர்க்காரர்களிடம் கேட்டு எழுதிக் கொடுத்தவள் நான். மறுநாள் பாராட்டு முழுக்க அவருக்கு. அன்றைக்கும் வீடு, இன்றைக்கும் வீடு.

"அது தாய்வழிச் சமூகம், அங்கே பெண்ணுக்கு எல்லாம் சுலபம்" என்று அந்த வீடியோவுக்குக் கமெண்டில் ஒருவர். முகிமின் காசி (Khasi) பழங்குடிச் சமூகத்தில் குலம் தாய் வழியில் வருவதும், கடைசி மகளுக்குச் சொத்து போவதும் உண்மைதான். ஆனால் ஊர் நிர்வாகம் செய்யும் தர்பார் காலம்காலமாக ஆண்கள் கையில்தான் இருக்கிறது. 2020 ஜூலையில் ஷில்லாங்கின் லாசோதுன் பகுதியில் பழங்குடி அல்லாத இளைஞர்களைக் கூடைப்பந்து மைதானத்தில் வைத்து அடித்தார்கள். தாக்கியவர்கள் மீது நடவடிக்கை எங்கே என்று முகிம் முகநூலில் கேட்டார். சொந்தச் சமூகத்தைப் பார்த்துக் கேட்ட கேள்வி அது. அவர் மீது போலீசில் புகார் கொடுத்ததே அந்த ஊர் தர்பார்தான். வழக்கை ரத்து செய்ய உயர்நீதிமன்றம் மறுத்து, 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. இதில் எது சுலபம்?

"ஆண் ஆசிரியர்கள் மீதும்தான் வழக்கு போடுகிறார்கள்" என்கிறார்கள். போடுகிறார்கள். அவர்களிடம் யாரும் வீட்டைப் பற்றிக் கேட்பதில்லை.

தமிழ்ப் பெண் யாரும் கிடைக்கவில்லையா என்றும் ஒரு கேள்வி. முறையாகப் பள்ளிக்கூடம் போகாத வை.மு.கோதைநாயகி அம்மாள் ஜகன்மோகினி பத்திரிகையை ஏறக்குறைய 35 ஆண்டுகள் நடத்தினார். அவரைப் பற்றிப் பேசியிருந்தாலும் முன்வரிசையிலிருந்து இதே கேள்விதான் வந்திருக்கும், எனக்குத் தெரியும்.

சிரித்தவர்களைக்கூட விட்டுவிடுகிறேன். 2020 நவம்பரில் முகிம் பத்திரிகை ஆசிரியர்களின் சங்கமான எடிட்டர்ஸ் கில்டிலிருந்து விலகினார். சங்கத்தில் உறுப்பினராகக்கூட இல்லாத ஒரு டிவி ஆசிரியர் கைதானபோது அறிக்கை விட்டவர்கள், உறுப்பினரான தன் வழக்கில் வாய் திறக்கவில்லை என்பதுதான் காரணம். அவர் விலகியதைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும். ஞாயிற்றுக்கிழமை அது ஏன் என்று நன்றாகவே புரிந்தது. அந்த அரங்கில் என்னோடு ஒரே டெஸ்க்கில் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். அக்கா அக்கா என்று என்னிடம் வேலை கற்றுக்கொண்ட தம்பிகள் இருந்தார்கள். ஒருவரும் எழுந்து "இது என்ன கேள்வி?" என்று கேட்கவில்லை.

இப்போது இன்பாக்ஸில் வரிசையாக வருகிறீர்கள். "அக்கா, மனசுக்கு கஷ்டமாப் போச்சு", "மேடம், அவர் அப்படித்தான், விடுங்க". நான் விடப் போவதில்லை. அந்தக் கேள்வி தப்பு என்று நினைக்கிறவர்கள் அதை எனக்கு மட்டும் தெரிகிற மாதிரி அனுப்ப வேண்டாம். இங்கே, இந்தப் பதிவுக்குக் கீழே, உங்கள் பெயரோடு எழுதுங்கள். கேட்டவர் உங்கள் நண்பர் பட்டியலிலும்தான் இருக்கிறார், அவரும் படிக்கட்டும்.