பால் மறக்கடிக்கத் தாய்ப்பன்றியைப் பட்டினி போட வேண்டுமா?

"குட்டிகளைப் பிரிப்பதற்கு மூன்று நாள் முன்பே தாய்க்குத் தீவனத்தையும் தண்ணீரையும் நிறுத்துங்கள், அப்போதுதான் பால் வற்றும், மடி வீங்காது" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இது தவறு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

பால் வற்றுவது பட்டினியால் அல்ல. குட்டிகள் குடிப்பது நின்றதும் மடியில் பால் தேங்குகிறது. அந்த அழுத்தமே சுரப்பை நிறுத்திவிடும். மடி ஓரிரு நாள் விம்மியிருக்கும், பிறகு தானாகச் சுருங்கும். காய்ச்சல், மடியில் சூடு, வலி இருந்தால் மட்டும் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

பத்துக் குட்டிக்குப் பால் கொடுத்த தாய் ஏற்கெனவே இளைத்துத்தான் இருக்கும். நல்ல உடல்நிலையில் இருந்தால் பிரித்த 4 முதல் 7 நாளில் சினைப்பருவத்துக்கு, அதாவது மீண்டும் இணைசேரத் தயாராகும் நிலைக்கு வரும். பட்டினி போட்டால் அது தள்ளிப்போகலாம், அடுத்த ஈற்றில் குட்டிகளும் குறையலாம். பிரிக்கும் நாளில் மட்டும் தீவனத்தைக் கொஞ்சம் குறைப்பது பழைய வழக்கம். அதைத்தான் யாரோ மூன்று நாள் பட்டினியாக நீட்டியிருக்கலாம். தண்ணீரை ஒருநாளும் நிறுத்தக் கூடாது.

சரி, குட்டிகளுக்கு? இரண்டாவது வாரத்திலிருந்தே தாய்க்கு எட்டாத இடத்தில் குட்டித் தீவனத்தைச் சிறிது சிறிதாக, தினமும் புதிதாக வையுங்கள். பிரித்த பிறகும் சில நாள் அதே தீவனம்தான்.